வாயைத் திறந்தால் ஊட்டுவேன்

எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் பிரேக்கம்மா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் தடுமாறினால் அதை மிதித்து வண்டியை நிறுத்தலாம். மற்ற வாத்தியார்கள் அதன் மேலேயே காலை வைத்துக்கொண்டு வருவார்கள். இவர் மிதிக்கவே மாட்டார். சைக்கிள்காரர் மேல் ஏறப் போகிறோம் என்று நமக்கு உயிர் போய் உயிர் வரும். அப்போதும், "நிறுத்தணும்னா நீதான் நிறுத்தணும், எனக்கென்ன?" என்று ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அவரிடம்தான் பழகினேன். எதிர் வீட்டுக்காரி என்பதால் எனக்கு வேறு வழியும் இல்லை.

அந்தப் பயிற்சிப் பள்ளியில் அவர் முதலில் சேர்ந்தது போன் எடுக்கத்தான். ஒரு நாள் வாத்தியார் ஒருவர் வேலைக்கு வரவில்லை. பழக வந்தவர்கள் வெளியே நின்று முணுமுணுத்தார்கள். இவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். முதலாளி ஓடி வந்து, "பொம்பள கத்துக்கொடுத்தா எவன்மா வருவான்?" என்று கேட்டாராம். "வராதவன் நடந்து போகட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாராம். அதற்குப் பிறகு போனை எடுக்க முதலாளி வேறு ஆளைத் தேட வேண்டியதாயிற்று.

அவர் கணவரைத் தெருவில் வெல்டர் என்றுதான் சொல்வோம். இரும்புக் கதவு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்கிற பட்டறை தெருமுனையில் இருந்தது. ஆள் முரடு, குரல் அதைவிட முரடு. மனைவியின் காரில் ஏறினால் பெல்ட் போட மாட்டார். "கட்டிப் போட நான் என்ன மாடா?" என்பார். பிரேக்கம்மா வாக்குவாதம் செய்ய மாட்டார். சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டு செய்தித்தாளை விரித்துவிடுவார். கழுத்து சிவக்க முறைத்துவிட்டு வெல்டர் கடைசியில் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொள்வார். இந்த நாடகத்தை நாங்கள் மாடியில் இருந்து பார்த்துச் சிரிப்போம். சாப்பாட்டை முன்னால் வைத்தால் மட்டும் அவர் வாயில் இருந்து பேச்சே வராது. அப்படி ரசித்துச் சாப்பிடுகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நோய் முதலில் ஒரு கதவில் தெரிந்தது. தாழ்ப்பாளைத் தப்பான பக்கத்தில் வைத்துப் பற்றவைத்துவிட்டார். வீட்டுக்காரர் சொன்னதும் எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். பிறகு பட்டறையில் இருந்து வீட்டுக்கு வரும் வழி மறந்தது. பிறகு பட்டறையே மறந்தது. மனைவியை 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். கார் பழக வாசலில் வந்து நிற்கிறவர்கள் எல்லாம் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். "பொண்டாட்டியா இருந்தப்ப 'ஏய்'. இப்பதான் மரியாதையே கிடைச்சிருக்கு" என்று பிரேக்கம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வருஷங்கள் போயின. பேச்சு நின்றது. நடை நின்றது. கடைசியில் விழுங்குவதையும் உடம்பு மறக்கத் தொடங்கியது. வாயில் போட்டதை அப்படியே அடக்கி வைத்துக்கொள்வார். தண்ணீர் குடித்தால் புரை ஏறும். அப்படிப் புரை ஏறியது நுரையீரலில் இறங்கிச் சளிக் காய்ச்சலாகி, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது.

குளித்து உடை மாற்றி வருவதற்காக பிரேக்கம்மா வீட்டுக்கு வந்திருந்த நேரத்தில்தான் அது நடந்தது. திரும்பிப் போனபோது வெல்டரின் மூக்கில் ஒரு குழாய் இருந்தது. நெற்றியில் பிளாஸ்திரி. இரண்டு மணிக்கட்டையும் பட்டைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். பக்கத்தில் நாற்காலியில் வெல்டரின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மரக்கடை வைத்திருப்பவர். அப்பா இல்லாத வீட்டில் தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர். குழாய்க்குச் சரி சொன்னது அவர்தான்.

"கைய யார் கட்டினது?" என்று பிரேக்கம்மா கேட்டார்.

நர்ஸ் தயங்கினாள். "டியூப புடுங்கிடறாரும்மா. ரெண்டு தடவ இழுத்துப் போட்டுட்டார். அதான்."

"அப்ப அவருக்கு வேண்டாம்னு அர்த்தம்."

"அவருக்கு என்னம்மா தெரியும்?"

"வேண்டாம்னு தெரியுதுல்ல?"

சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தார். நர்ஸ் தடுக்க வந்தபோது, "இந்த மனுஷன் கார்ல பெல்ட்டே போட மாட்டார்மா. கட்டாத. நான் பிடிச்சுக்கறேன்" என்றார். மறுநாள் டாக்டர் வரும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை என்று நர்ஸே பிறகு என்னிடம் சொன்னாள்.

டாக்டர் ஒரு பெண்மணி. ஓயாத வேலையில் கண் உள்ளே போயிருந்தது. ஆனால் அவசரப்படுத்தாமல் உட்கார்ந்து பேசினார். மூக்குக் குழாய் அதிக நாள் தாங்காது, வேண்டுமானால் வயிற்றில் சின்னதாகத் துளை போட்டு நேராக இரைப்பைக்கே குழாய் வைக்கலாம் என்றார். அன்று நானும் கூட இருந்தேன்.

"வச்சா மறுபடி நெஞ்சுல சளி கட்டாதா டாக்டர்?"

"கட்டலாம்மா. எச்சில் தப்பா இறங்கினாலே போதும். வயித்துல இருக்கறது மேல வந்தாலும் போதும்."

"கூட கொஞ்ச நாள் இருப்பாரா?"

டாக்டர் கையில் இருந்த பேனாவை மூடினார். "இந்த நோய்ல, இந்தக் கட்டத்துல, டியூபால ஆயுசு கூடும்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்ல."

"படுக்கைப் புண்ணாவது வராம இருக்குமா?"

"அதையும் சொல்ல முடியாது."

"அப்ப எதுக்கு வைக்கச் சொல்றீங்க?"

"வைக்கச் சொல்லலம்மா. வைக்கலாம்னு சொன்னேன். நிறைய குடும்பம் அவங்களே கேக்கறாங்க. வேண்டாம்னா கையால ஊட்டலாம். கொஞ்சம் கொஞ்சமா, அவர் ஏத்துக்கற வரைக்கும். அதுலயும் புரை ஏறும். காய்ச்சல் திரும்ப வரும். அப்படியே போயிடவும் போயிடலாம். அதையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க."

கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து நின்றார். "சோறு போகாம சாக விடறதுக்குப் பேரு முடிவா? ஏம்மா, நான் ஊட்டி வளர்த்த உடம்பு அது. பட்டினி போட்டுக் கொல்லப் போறியா?"

"அத்தான், அவர் வாயத் தொறந்தா ஊட்டுவேன். மூடினா நிறுத்துவேன். இதுல கொலை எங்கேர்ந்து வந்தது?"

"வாயத் தொறக்கணும்னே அவனுக்குத் தெரியலையே!"

"தெரியாதப்ப அவர் வயித்துல ஓட்டை போட்டு ஊத்தறது மட்டும் நியாயமா?"

அண்ணன் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பிரேக்கம்மாவைப் பார்த்தார். பிரேக்கம்மா யாரையும் பார்க்கவில்லை. "குழாய எடுத்துடுங்க. காய்ச்சல் இறங்கினதும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் பெரியப்பா அதற்குள் போன் போட்டுச் சொல்லிவிட்டார். வராந்தாவில் நின்று அம்மா ஸ்பீக்கரில் போட்டு மகளோடு பேசியது வார்டு முழுவதும் கேட்டது.

"அம்மா, பெரியப்பா சொல்றத ஒரு தடவையாவது கேளேன். நாளைக்கு நம்ம மனசு நம்மள சும்மா விடுமா?"

"உன் மனசுக்கு டியூப் வைக்க முடியாதுடி. அது அவர் மூக்குலதான் போகும்."

மகள் போனை வைத்துவிட்டாள். பிரேக்கம்மா கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவருக்கு வயசாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

எப்படி ஊட்டுவது என்பதை அந்த நர்ஸ்தான் சொல்லிக்கொடுத்தாள். முதுகு நிமிர உட்கார வைக்க வேண்டும். மோவாய் கொஞ்சம் கீழே பார்த்திருக்க வேண்டும். சின்னக் கரண்டியில் பாதி. விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்துவிட்டு, வெறும் வாயால் இன்னொரு முறை விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும். தண்ணீரைக்கூட ஒரு மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். முடிந்ததும் வாயைத் துடைத்துச் சுத்தம் செய்து, கொஞ்ச நேரம் சாய விடக் கூடாது. ஒரு கிண்ணம் மசித்த உருளைக்கிழங்கு உள்ளே போவதற்குள் நாலு வீட்டுச் சமையல் முடிந்துவிடும். பிரேக்கம்மா பயிற்சி நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அவர் வெளியே போகும்போது நான் போய் உட்காருவேன்.

தெரு சும்மா இருக்குமா? புருஷனைப் பட்டினி போடுகிறாள், பார்த்துக்கொள்ள முடியாமல் சீக்கிரம் அனுப்பிவைக்கப் பார்க்கிறாள் என்று அவர் காதுபடவே பேசினார்கள். கடையில் இவர் நுழைந்தால் பேச்சு சட்டென்று நிற்கும். ஒரு நாள் இவர் வீட்டுக்கு வந்து, வெல்டரின் சக்கர நாற்காலியைத் தெருவைப் பார்த்த ஜன்னல் பக்கம் தள்ளினார். திரையைக் கழற்றித் துவைக்கப் போட்டார். அன்று முதல் வெல்டருக்குச் சாப்பாடு ஜன்னலோரம்தான்.

"எதுக்குக்கா இப்படி?" என்று கேட்டேன்.

"பேசறவங்களுக்கு வசதியா இருக்கட்டும். எட்டி எட்டிப் பாத்தா கழுத்து சுளுக்கிக்கும்."

வெல்டர் இளைத்துக்கொண்டுதான் வந்தார். அதை ஒளிக்க முடியாது. ஆனால் கனிந்த வாழைப்பழத்தை மசித்துத் தயிரில் கலந்து வைத்தால் அவர் மூக்கு விரியும். கரண்டி உதட்டைத் தொட்டதும் வாய் திறக்கும். ஐஸ்கிரீம் என்றால் கண்ணையும் திறப்பார். அந்த நேரத்தில் பிரேக்கம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். லைசென்ஸ் பரீட்சையில் ஆள் தேறினால்கூட அப்படி ஒரு கர்வம் அதில் வராது.

இதற்கிடையில் மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். அம்மாவை எப்படியாவது வழிக்குக் கொண்டுவருவது என்று பெரியப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். அம்மா சண்டை போடவில்லை. கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். முதல் நாள் மகள் அழுதுகொண்டே ஊட்டினாள். அடுத்த நாள் பாட்டுப் பாடிக்கொண்டு ஊட்டினாள். வாரம் முடிவதற்குள் அப்பாவின் குரல்வளை எப்போது ஏறி இறங்குகிறது என்பதை என்னைவிட நன்றாகப் பார்க்கப் பழகிவிட்டாள். குழாயைப் பற்றி மட்டும் அம்மாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஒரு முற்பகலில் அண்ணனின் கார் வந்து நின்றது. அவரோடு ஒரு ஆண் நர்ஸ் இறங்கினார். கையில் பை. வீட்டிலேயே மூக்குக் குழாய் போடுவதற்காக அண்ணன் ஏற்பாடு செய்து கூட்டிவந்த ஆள். பிரேக்கம்மா இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருந்தார்கள். நான் மாடிப்படியில் நின்றே அவருக்குப் போன் போட்டேன்.

அவர் அப்போது ஒரு பல் டாக்டருக்குக் கார் ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தார். "வண்டிய என் வீட்டுக்கு விடுங்க" என்று மட்டும் சொன்னாராம். பல் டாக்டர் அன்றைக்குத்தான் முதன்முதலாக மூன்றாவது கியரைப் பார்த்தார். வாசலில் வந்து நின்றபோது அவருக்குச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பிரேக்கம்மா இறங்கி உள்ளே போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே மேசை மேல் குழாய், பசை நாடா, ஊசிக்குழல் எல்லாம் விரித்து வைக்கப்பட்டிருந்தன. அந்த நர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். வெல்டர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். அவருக்கும் அவர்களுக்கும் நடுவில் ஸ்டூலில் மகள். கையில் கிண்ணம். பிரேக்கம்மா வாயைத் திறக்கும் முன்பே மகள் பேசினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பெரியப்பா, அப்பா சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

"நீயுமா? நீதானே வரச் சொன்ன?"

"சொன்னேன். அப்ப நான் பாக்கல. இப்ப பாக்கறேன். அந்தச் சாமான எடுத்து உள்ள வைக்கச் சொல்லுங்க."

ஆண் நர்ஸ் விவரமானவர். குடும்பச் சண்டையில் தலையைக் கொடுக்க விருப்பமில்லாமல், யாரும் இரண்டாவது முறை சொல்வதற்குள் எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அண்ணன் மட்டும் நடுக்கூடத்தில் நின்றார். "நான் ஊட்டி வளர்த்தவன். எனக்கு உரிமை இல்லையா?" என்றார். கோபமாக ஆரம்பித்த குரல் பாதியில் உடைந்துவிட்டது.

பிரேக்கம்மா மகளிடம் இருந்து கிண்ணத்தை வாங்கி அவரிடம் நீட்டினார். "யார் இல்லைன்னா? உக்காருங்க அத்தான். நீங்களே ஊட்டுங்க."

அவர் உட்கார்ந்தார். மரம் தூக்கிக் காய்த்த கையில் அந்தச் சின்னக் கரண்டி காணாமல் போனது. முதல் வாய் வெல்டர் வாங்கிக்கொண்டார். மென்று, நிறுத்தி, விழுங்கினார். அண்ணனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த ஆசையில் அடுத்த கரண்டியை நிறைத்து, அவசரமாகக் கொடுத்துவிட்டார். புரை ஏறியது. வெல்டர் இருமி இருமிக் கண் கலங்க, மகள் முதுகை நிமிர்த்திப் பிடிக்க, அண்ணன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். இருமல் அடங்குவதற்குள் அவர் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. சமாதானம் ஆகிவிடும் என்று நான் எதிர்பார்த்தேன். ஆகவில்லை.

வெயில் காலம் போய் மழைக் காலம் வந்தது. நடுவில் ஒரு முறை காய்ச்சல் வந்து வீட்டிலேயே மருந்தில் தணிந்தது. பிறகு ஒரு நாள் வெல்டர் வாயை மூடிக்கொண்டார். வாழைப்பழத்துக்கும் திறக்கவில்லை, ஐஸ்கிரீமுக்கும் திறக்கவில்லை. கரண்டி உதட்டைத் தொட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிரேக்கம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டார். "அவருக்குப் பசி நின்னு போச்சும்மா. வற்புறுத்தாதீங்க. உதட்ட ஈரமா வச்சிருங்க, வலி இருந்தா மருந்து தரேன்" என்றார் டாக்டர்.

அந்த நாட்கள்தான் கொடுமை. பிரேக்கம்மா நனைத்த பஞ்சால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருப்பார். ஒரு மத்தியானம் அடுப்படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஏய், நான் பண்றது சரிதானே? பொய் சொல்லாம சொல்லு."

எனக்கு என்ன தெரியும்? "அவர் முகத்தப் பாருங்கக்கா" என்றேன். போய்ப் பார்த்தோம். நெற்றியில் சுருக்கம் இல்லை. கை இரண்டும் போர்வை மேல் தளர்ந்து, விரல்கள் விரிந்து கிடந்தன. பிரேக்கம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி பஞ்சை எடுத்துக்கொண்டார்.

ஒரு காலை நேரத்தில், மறுபடி லீவில் வந்திருந்த மகளின் பேச்சைக் கேட்டபடியே வெல்டர் போய்விட்டார். பள்ளிக்கூடம் போகும்போது அப்பா தன்னைத் தூக்கிச் சைக்கிள் கம்பியில் உட்கார வைத்ததை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கதை முடிந்ததா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

சாவு வீட்டில் அண்ணன் எல்லோருக்கும் கேட்கும்படி, "வயிறு காஞ்சு போனான் என் தம்பி" என்றார். பிரேக்கம்மா எழுந்து அவர் முன்னால் வந்து நின்றார்.

"அழுங்க அத்தான், எவ்வளவு வேணும்னாலும் அழுங்க. ஆனா பொய் சொல்லாதீங்க. அவர் கடைசியா வாய் தொறந்த வரைக்கும் சாப்பிட்டார். யார் கைலேர்ந்து சாப்பிடறோம்னு உணர்ந்து சாப்பிட்டார். நீங்க ஊட்டினதையும் வாங்கிக்கிட்டார். அத நான் பாத்தேன்."

அதன் பிறகு அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பேச்சு அற்றுப்போனது.

அடுத்த வருஷம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்து, நாக்கு குழறி, விழுங்க முடியாமல் போனது. அதே ஆஸ்பத்திரி. மூக்குக் குழாய் வைக்க வேண்டும் என்றார்கள். இப்போது அண்ணனே தலையை ஆட்டி மறுக்கிறார், வீட்டார் கைபிசைந்து நிற்கிறார்கள் என்று சேதி வந்தது. பிரேக்கம்மா வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நானும் போனேன், தெருவுக்கு விவரம் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே.

கட்டிலருகே போய் நின்று, "வச்சுக்குங்க அத்தான்" என்றார்.

அண்ணனின் மனைவிக்கே தூக்கிவாரிப் போட்டது. "நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். இவருக்கு மூளை தெளிவா இருக்கு. விழுங்கறது திரும்பி வரும்னு டாக்டர் சொல்றார். அது வர்ற வரைக்கும் உடம்புக்குத் தெம்பு வேணாமா? என் வீட்டுக்காரருக்குத் திரும்பி வர வழி இல்ல. அதனால வேண்டாம்னேன். டியூப் மேல எனக்கு என்ன பகை?"

அன்றே ஒரு மன்னிப்பும் கேட்டுவிடுவார், எல்லாம் சரியாகிவிடும் என்று அங்கிருந்தவர்கள் காத்திருந்தார்கள். பிரேக்கம்மா கேட்கவில்லை. போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டார்.

அண்ணனுக்கு மெல்ல விழுங்க வந்தது. குழாயை எடுத்துவிட்டு, மசித்துக் கெட்டியாக்கிய உணவைக் கையால் ஊட்டலாம் என்றபோது, எப்படி என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பிரேக்கம்மா பயிற்சி முடிந்ததும் தினமும் நேராக அங்கே போக ஆரம்பித்தார். ஒரு நாள் நான் அவரோடு இருந்தேன். அண்ணன் சில வாய் சாப்பிட்டுவிட்டு, கோணிய உதட்டால் ஒவ்வொரு சொல்லாகக் கோத்துச் சொன்னார்:

"அன்னைக்கு... வச்சிருந்தா... அவனும் இருந்திருப்பான்."

"இருந்திருக்க மாட்டார், அத்தான்" என்றார் பிரேக்கம்மா, அடுத்த கரண்டியைப் பாதி நிரப்பிக்கொண்டே. "மோவாயக் கீழ வைங்க. ம், இப்ப வாயத் தொறங்க."